ஒன்பது மொட்டுகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தோலோன் கணவாயில் பனி சரிந்து பாதை மூடிக்கொண்டது. பதினொன்றரைக்குத்தான் ஷாயிரின் கைப்பேசி அடித்தது. அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவள் கணவன் எசென்குல் தாங்கள் வசிக்கும் மலை ஊரான நாரினுக்கும் தலைநகர் பிஷ்கெக்குக்கும் இடையே பதினாறு பேர் உட்காரும் வேன் ஓட்டுகிறவன். அந்த நேரத்துக்கு அவன் வண்டி கணவாய் மேல்தான் இருந்திருக்க வேண்டும்.

"மொட்டு எப்படி இருக்கு?" என்றான் அவன், எடுத்த எடுப்பில்.

ஷாயிருக்கு நிம்மதிக்கு முன்னால் கோபம் வந்தது.

"நீங்க உயிரோட இருக்கீங்களா இல்லையா, முதல்ல அதைச் சொல்லுங்க!"

"செத்தவன் போன் பண்ணுவானா? கணவாய்க்கு முன்னாலயே, பிஷ்கெக் பக்கம் நிறுத்திட்டாங்க. டீக்கடையில உட்கார்ந்திருக்கேன். வண்டி நல்லா இருக்கு, பதினாறு பேரும் நல்லா இருக்காங்க. வழி திறக்க நாலஞ்சு நாள் ஆகுமாம். நீ மொட்டைப் பத்திச் சொல்லு."

"நேத்து இருந்த மாதிரியேதான் இருக்கு."

"நேத்து இருந்த மாதிரியேன்னா? வீங்கியிருக்கா, சுருங்கியிருக்கா? காம்பு பச்சையா இருக்கா, மஞ்சளா இருக்கா? போய்க் கிட்ட நின்னு பார்த்துச் சொல்லு. தொடாதே!"

எசென்குல் எட்டு வருஷத்துக்கு முன்னால் பிஷ்கெக்கில் செடி வளர்க்கும் ஒரு பெண்ணிடமிருந்து இரண்டு இலையுள்ள கொடித்துண்டு ஒன்றை வாங்கி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து வேன் ஓட்டிக்கொண்டு வந்தான். ஹோயா இம்பீரியாலிஸ் என்பது அதன் பெயர். போர்னியோப் பக்கத்து மழைக்காடுகளில் மரத்தில் தொற்றி ஏறுகிற கொடி. அங்கே வருஷம் முழுக்க வெக்கையும் ஈரமுமாக இருக்கும். இங்கே ஜனவரியில் கண்ணிமை உறைகிறது. மூன்றாவது மாடியில், தெற்குப் பார்த்த ஒரே ஜன்னலில், அந்த இரண்டு இலை மெல்ல மெல்ல வளர்ந்து சட்டத்தைச் சுற்றி, திரைக்கம்பியில் ஏறி, பாதிச் சுவரைப் பிடித்துக்கொண்டது. அதற்கென்று ஊதா நிறத்தில் எரியும் விளக்கு வாங்கினான். ஈரக்காற்று ஊதும் சீனப் பெட்டி வாங்கினான். அந்த ஊதா வெளிச்சத்தைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டு ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் கஞ்சா வளர்க்கிறார்களோ என்று மேலேறி வந்தார். அவரை உட்காரவைத்து எசென்குல் ஒரு மணி நேரம் கொடியைப் பற்றிப் பேசினான். அதற்குப் பிறகு அந்தப் போலீஸ்காரர் அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை என்று ஷாயிர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல்முறையாக ஒரு காம்பு நீண்டு, நுனியில் ஆறு மொட்டு கட்டியது. வசந்தத் திருநாளுக்கு வீடு துடைத்தபோது ஷாயிர் தொட்டியைத் தூக்கி ஜன்னல் பலகையைத் துடைத்து, திரும்ப வைக்கும்போது அரைவட்டம் மாற்றி வைத்துவிட்டாள். வெளிச்சம் வரும் திசை மாறிப்போனது. மூன்று நாளில் ஆறு மொட்டும் மஞ்சளாகி, ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. எசென்குல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவற்றைப் பொறுக்கிக் கையில் வைத்துப் பார்த்தான். கீழே போய், நிறுத்திவைத்த வேனுக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், அதோடு போயிருக்கும்.

இந்த முறை ஒன்பது மொட்டு. ஒவ்வொன்றும் வாதுமைக் கொட்டை அளவு, ஐந்து மூலை வைத்து மடித்த காகிதப் பொட்டலம் போல. ஷாயிர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூக்கு முட்டும் தூரத்தில் நின்றாள்.

"காம்பு பச்சை. மொட்டு கொஞ்சம் சிவப்பா மாறியிருக்கு. நேத்து இப்படி இல்ல."

மறுமுனையில் அவன் யாரிடமோ "சிவப்பா மாறுதாம்!" என்று கத்துவது கேட்டது. யாரோ கை தட்டினார்கள்.

"யாரு அது?"

"பயணிங்கதான். சும்மா உட்கார்ந்திருக்காங்களே, சொன்னேன். இங்க பாரு ஷாயிர், திரும்பவும் சொல்றேன். தொட்டியை அசைக்காதே. தண்ணியை மொட்டு மேல அடிக்காதே, காத்துல மட்டும் அடி. ரூம் பதினெட்டு டிகிரிக்குக் கீழ போகக்கூடாது. இன்னும் நாலு நாள்தான்."

*

புதன்கிழமை எசென்குலின் அக்கா குமுஷாய் வந்தாள். வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"கெலின், என் வீட்டுக் குழாய் வெடிச்சுருச்சு. கூடம் பூரா பனிக்கட்டி, சறுக்கி விளையாடலாம். சனிக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்க. எங்க உட்காரவைப்பேன்? உன் வீட்லதான் விருந்து."

தம்பி மனைவியை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் கெலின்தான். குமுஷாயின் மகன் தாலாய்க்கு அத்-பாஷியில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் முதல்தடவையாக வருகிறார்கள். அந்தச் சாலை தெற்கே போவதால் பனிச்சரிவு அவர்களைத் தடுக்காது.

"வரட்டும் எஜே. நம்ம வீடுதானே" என்றாள் ஷாயிர். கணவனின் அக்காவை எஜே என்பதைத் தவிர வேறு எப்படியும் அவள் அழைத்ததில்லை.

குமுஷாய் கூடத்துக்குள் வந்து கண்ணால் அளந்தாள். வாசலுக்கு நேர் எதிரே, ஜன்னலை ஒட்டிய இடம்தான் தோர், மதிப்புக்குரிய விருந்தாளிகள் உட்காருகிற இடம். அதற்கு நேர் மேலே கொடி படர்ந்து தொங்கியது. ஒன்பது மொட்டுக் கொத்தும் அங்கேதான்.

"இதை எடுத்துப் படுக்கையறையில வை."

"எடுக்க முடியாது எஜே. அசைச்சா மொட்டு உதிர்ந்துரும்."

"உதிர்ந்தா உதிரட்டும்! இது என்ன கொடின்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? புருஷனை வீட்டை விட்டு விரட்டுற கொடின்னு ஊர்ல எல்லாப் பொம்பளையும் சொல்றா. பெண்ணைப் பெத்தவளை இதுக்குக் கீழ உட்காரவைச்சா என்ன நினைப்பா?"

"இந்த வீட்ல இதை வளர்க்கிறதே புருஷன்தான் எஜே. எட்டு வருஷமா விரட்டுது, அவர் போற வழியைக் காணோம்."

"வாயைப் பாரு!" என்றாள் குமுஷாய். ஆனால் உதட்டோரம் துடித்தது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள். "வேடிக்கை இல்ல. என் தம்பி வீடு இது. நான் சொல்றேன், எடு."

இருபத்திரண்டு வருஷத்தில் ஷாயிர் அவளை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. குமுஷாய் உப்பு அதிகம் என்றால் உப்பு அதிகம்தான். இப்போது தன் வாயிலிருந்து வந்த குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"கொடி இங்கதான் இருக்கும் எஜே. விருந்தும் இங்க நடக்கணும்னா நடக்கட்டும். ரெண்டுல ஒண்ணுதான்னா, விருந்துக்கு வேற வீடு பாருங்க."

சொல்லிவிட்டுக் காதெல்லாம் சூடாகி நின்றாள். குமுஷாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நாரினில் வேறு வீடு பார்க்க மூன்று நாள் போதாது. அது இருவருக்கும் தெரியும்.

"சரி. சம்பந்தியம்மா கேட்டா, இது வேற ஏதோ செடின்னு சொல்லு. எலுமிச்சைன்னு சொல்லு."

*

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. வெளியே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. மின்சாரம் போனால் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயில் ஓட்டமும் நின்றுவிடும். குமுஷாய் சமையலறையில் விருந்துக்காகப் போர்சோக் என்ற மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். எரிவாயு உருளை இருந்ததால் எண்ணெய் மட்டும் கொதித்தது. கூடத்தில் ஊதா விளக்கு அணைந்தது. ஈரக்காற்றுப் பெட்டி மூச்சை நிறுத்தியது.

கொடியில் எசென்குல் மாட்டிவைத்த வெப்பமானி இருபத்திரண்டு காட்டியது. அரை மணி நேரத்தில் இருபது. ஷாயிர் போன் போட்டாள், சிக்னல் இல்லை. மூன்று மணிக்குப் பத்தொன்பது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வந்தது. குளிர் கண்ணாடியிலிருந்துதான் இறங்குகிறது, மொட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அங்கே எதையாவது நுழைக்க வேண்டும், கொடியைத் தொடாமல்.

ஷாயிர் தரையில் விரித்திருந்த கம்பளி விரிப்பைச் சுருட்டித் தூக்கினாள். ஆட்டுக் கம்பளியை அமுக்கிச் செய்தது, ஒரு கன்றுக்குட்டி எடை. ஒரு முனையைத் திரைக்கம்பிக்குப் பின்னால் செருகியபோது மறுமுனை சரிந்து கொடியின் மேல் சாயப் பார்த்தது.

"எஜே! எஜே, ஓடி வாங்க!"

குமுஷாய் மாவுக் கையோடு வந்தாள். பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் நாற்காலியில் ஏறி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல தூக்குங்க. இன்னும். இலை மேல பட்டுரப் போகுது..."

"என் முதுகு போச்சு. என்னை எங்கயாவது தொங்கவிட்டுட்டு இதைக் காப்பாத்து."

"அப்படியே பிடிங்க, நான் கட்டிடறேன்!"

கம்பளி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. கூடம் இருண்டது. இருவரும் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, தூக்க முடியாமல் தூக்கிவந்து கொடிக்கு மூன்றடி தள்ளி வைத்தார்கள். ஆவி எழுந்து இலைகளில் படிந்தது. ஆறியதும் இன்னொரு பானை. வெப்பமானியைப் பார்க்க ஷாயிர் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தாள்.

"எவ்வளவு?" என்றாள் குமுஷாய்.

"பதினெட்டு."

"எவ்வளவுக்குக் கீழ போகக்கூடாதுன்னான்?"

"பதினெட்டு."

"ஐயோ, அப்ப நின்னுட்டு என்ன பார்க்கிற? இன்னொரு பானை போடு!"

போர்சோக் ஒரு ஈடு கருகிப்போனது. குமுஷாய் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஐந்தேகாலுக்கு விளக்கு படபடவென்று எரிந்தபோது இரண்டு பெண்களும் வியர்த்து, தலைமுடி ஒட்டிப்போய், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெப்பமானி பதினெட்டிலேயே நின்றிருந்தது. குமுஷாய்தான் முதலில் கொத்துக்குக் கீழே குனிந்தாள்.

"கெலின், இங்க வா. இது நேத்து இருந்துச்சா?"

ஒவ்வொரு மொட்டின் முதுகிலும் ஐந்து மெல்லிய கோடு, நகத்தால் கீறியது போல, நுனியிலிருந்து இறங்கியிருந்தது. தையல் பிரியப் போகிற இடம்.

"இல்ல எஜே" என்றாள் ஷாயிர். "நேத்து இல்ல."

*

சனிக்கிழமை ஒரு மணிக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பெண்ணின் தாய் புர்மகான் பருத்த உடம்பு. மேய்ச்சல் வெளியில் குதிரைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அகன்றுபோன குரல். தந்தை ஜுமாகதிர் ஒல்லி, அதிகம் பேசாதவர். வெள்ளைத் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு சிரிப்பார். ஜன்னலிலிருந்து இறக்கித் திரும்ப விரித்த கம்பளியில், இருவரையும் தோரில் உட்காரவைத்தார்கள். புர்மகானின் தலைக்கு மேலே, இரண்டு சாண் உயரத்தில் கொத்து தொங்கியது. தேநீர் வந்தது. போர்சோக், வெண்ணெய், ஜாம் வந்தன. பேச்சு குதிரை விலை, பனி, பெண்ணின் படிப்பு என்று போனது. ஷாயிர் தேநீர் ஊற்றும் சாக்கில் ஒவ்வொரு தடவையும் மேலே பார்த்தாள். குமுஷாயும் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே பார்ப்பதைக் கண்டு மாப்பிள்ளை தாலாய் கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்தான்.

நான்கு மணிக்கு இறைச்சி வந்தது. அவரவர் மதிப்புக்கு ஏற்ற எலும்பை அவரவர் முன் வைத்தார்கள். ஆட்டுத் தலையை ஜுமாகதிரிடம் கொடுத்தார்கள். அவர் கத்தியை எடுத்து முதல் துண்டு வெட்டியபோது புர்மகான் மூக்கைச் சுருக்கினாள்.

"யாரு எலுமிச்சம்பழம் நறுக்கினது?"

யாரும் நறுக்கவில்லை. வாசனை மெல்ல வந்தது. எலுமிச்சை போல, ஆனால் அதைவிடக் கனமாக, கொஞ்சம் தேன் கலந்து. ஷாயிர் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டாள்.

கொத்தின் ஓரத்து மொட்டு ஒன்று வாய் பிளந்திருந்தது. ஐந்து நுனியும் விடுபட்டு நின்றன.

"திறக்குது" என்றாள், கிசுகிசுப்பாக. பிறகு கத்தினாள். "எஜே, திறக்குது!"

குமுஷாய் சம்பந்தி முன்னால் இருக்கிறோம் என்பதை மறந்து, கையில் பிடித்த எலும்போடு எழுந்து ஓடிவந்தாள். புர்மகான் தலையைத் திருப்பி மேலே பார்த்தாள். முதல் பூ அவள் முகத்துக்கு நேராக, கண்ணெதிரே, ஒரு கை விரல்களை விரிப்பது போல விரிந்தது. அடர்ந்த சிவப்பு, காய்ந்த ரத்தமும் திராட்சையும் கலந்த நிறம். தொட்டால் வழுக்கும் மெழுகுப் பளபளப்பு. நடுவில் பாலேடு நிறத்தில் ஐந்து மூலை நட்சத்திரம். உள்ளங்கை அளவு.

"அல்லாவே, இது ஜன்னல்லயா வளருது!" என்றாள் புர்மகான். அவள் குரலில் கண்ணாடி அதிர்ந்தது.

இரண்டாவது மொட்டு திறந்தது. யாரும் இறைச்சியைத் தொடவில்லை. ஜுமாகதிர் ஆட்டுத் தலையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். மூன்றாவது திறந்தபோது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது என்று அவர் சத்தியம் செய்தார். தாலாய் இல்லை என்றான். மாமனாரை எதிர்த்துப் பேசுகிறாயா என்று குமுஷாய் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அதைக் கண்டு புர்மகான் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தபோது பூவிலிருந்து கனத்த துளி ஒன்று நீண்டு, அறுந்து, அவள் புறங்கையில் விழுந்தது.

குமுஷாயின் முகம் வெளுத்தது. புர்மகான் அந்தத் துளியைப் பார்த்தாள், முகர்ந்தாள், நக்கினாள்.

"தேன்! பூவே தேனை ஊத்துது!" பிறகு கண்ணைச் சுருக்கினாள். "இருங்க, இருங்க. புருஷனை விரட்டுற கொடின்னு சொல்லுவாங்களே, அது இது இல்லையே?"

ஷாயிர் எலுமிச்சை என்று சொல்ல வாயெடுத்தாள். குமுஷாய் முந்திக்கொண்டாள்.

"அதேதான் சம்பந்தியம்மா. பொய் சொல்ல மாட்டேன். நேத்து இதைக் குளிர்லருந்து காப்பாத்த நாற்காலி மேல ஒரு மணி நேரம் நின்னேன். என் முதுகு இன்னும் நேராகல."

ஜுமாகதிர் தொண்டையைச் செருமினார். அன்று அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"எங்களுக்கும் ரெண்டு இலை கிடைக்குமாம்மா? முப்பது வருஷமா வெளிய போக ஒரு சாக்குத் தேடிட்டு இருக்கேன்."

"போய்ப் பாருங்க, உங்க குதிரைகூட உங்களோட வராது!" என்றாள் புர்மகான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசவும் சிரிக்கவும் ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஷாயிரின் கைப்பேசி அடித்தது.

"என்ன அங்க கலாட்டா? சண்டையா?" என்றான் எசென்குல்.

"பூத்துருச்சு!"

மறுமுனையில் நாற்காலி ஒன்று சரிந்து விழும் சத்தம் கேட்டது.

"எத்தனை?" என்று மெல்லக் கேட்டான்.

"மூணு. இல்ல, நாலு. இதோ நாலாவது விரியுது."

"நிறம்?"

இதுவரை பூ என்றால் அவளுக்குப் பூதான். இப்போது அவள் கிட்டே போனாள். அவன் கண்ணும் தன்னுடையதே என்பது போலப் பார்த்தாள். விளிம்பு உள்பக்கம் சுருண்டிருப்பதை, இதழின் முதுகு வெளிர் பச்சையாகவும் முகம் மட்டும் சிவப்பாகவும் இருப்பதை, இலையைவிட இதழ் தடித்திருப்பதை, நட்சத்திரத்தின் மூலைகளில் சிவப்புச் சாயம் லேசாக ஏறியிருப்பதை, ஒன்று விடாமல் சொன்னாள். அவன் ம் ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சினான்.

"அழறீங்களா?"

"குளிர்டி, மூக்கு ஒழுகுது" என்றான். பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ கத்தினான். "பூத்துருச்சு! பூத்துருச்சு!" டீக்கடையே கூச்சல் போட்டது. யாரோ மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு இந்தப் பக்கம் புர்மகானும் கை தட்டினாள்.

*

ஞாயிறு காலை கணவாய் திறந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு ஷாயிர் ஜன்னலிலிருந்து வேனைப் பார்த்தாள். எசென்குல் இறங்கினான். அவனுக்குப் பின்னால் ஒரு கிழவர் இறங்கினார், கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள், இரண்டு கல்லூரி மாணவிகள், ஒரு ராணுவச் சிப்பாய், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். யாரும் தங்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. பதினாறு பேரும் மூட்டை முடிச்சோடு மூன்று மாடி ஏறிவந்தார்கள்.

"என்ன இது?" என்றாள் ஷாயிர் கதவைத் திறந்து.

"வழியெல்லாம் இறங்குங்கன்னு சொன்னேன், ஒருத்தரும் கேட்கல" என்றான் அவன். "பார்க்காம போக மாட்டாங்களாம்."

"அஞ்சு நாளா இவர் பேசின பேச்சுக்கு, பார்க்காம எப்படிம்மா போறது?" என்றார் கிழவர். ஏற்கெனவே பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாசலில் பதினேழு ஜோடி பூட்ஸ் குவிந்து, பனி உருகிக் குளமாகியது.

கூடத்தில் ஒருவர் பின் ஒருவராக நின்று பார்த்தார்கள். ஒன்பது பூவும் விரிந்து தொங்கின. குழந்தை கையை நீட்டி அழுதது. மாணவிகள் படம் எடுத்தார்கள். எசென்குல் மட்டும் கோட்டைக்கூடக் கழற்றாமல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, யாருக்கோ வணக்கம் சொல்ல வந்தவனைப் போல நின்றான். ஐந்து நாள் தாடி. பிறகு மிக மெதுவாக ஒரு பூவின் அருகே முகத்தைக் கொண்டுபோனான், கண்ணை மூடிக்கொண்டான்.

தேநீர் குடித்து எல்லோரும் ஒவ்வொருவராக இறங்கிப் போகும்வரை ஷாயிர் காத்திருந்தாள். கடைசியாகக் கிழவர் போனதும் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இங்க வாங்க."

ஜன்னலின் மறுகோடியில், திரைக்கம்பி சுவரைத் தொடுகிற மூலையில், ஒரு பெரிய இலையை விரல் படாமல் காற்றால் ஊதி ஒதுக்கினாள். இலைக்குப் பின்னால் ஒரு சின்னக் காம்பு, நுனியில் கடுகு கடுகாக ஏதோ கட்டியிருந்தது. எசென்குல் எக்கிப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தான்.

"இது... எப்பலருந்து?"

"வியாழக்கிழமை பார்த்தேன்."

"வியாழக்கிழமையா? ஏன் போன்ல சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க பனியில நடந்தே வந்திருப்பீங்க" என்றாள் ஷாயிர். "கோட்டைக் கழட்டுங்க. நேத்து இறைச்சி மிச்சம் இருக்கு, சூடு பண்றேன்."